மே மாதப் படத்தைக் காட்டி மனை விற்கிறார்கள்

செயற்கைக்கோள் படங்களை வைத்து ஈரநிலங்களை ஆராய்வது என் வேலை. மனை வாங்கலாமா என்று கேட்டுப் போன வாரமும் ஒருவர் என்னிடம் வந்தார். எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். கடலூர் முதுநகர்ப் பக்கம், உப்பனாற்றை ஒட்டி ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார். செல்போனை நீட்டினார். "பாருங்க சார், சாட்டிலைட்லயே தெரியுது. ஒரு சொட்டு தண்ணி இல்ல. வெள்ளை வெளேர்னு மணல்."

ஐயா, அது மணல் இல்லை, உப்பு. உப்பங்கழித் தண்ணீர் ஏறி, நின்று, வற்றி, உப்புப் பூத்த தரை. மேலிருந்து எடுத்த படத்தில் மணலும் உப்பும் சிமென்ட் தரையும் ஏறக்குறைய ஒரே வெளுப்பாகத்தான் விழும்.

செயற்கைக்கோள் படம் பொய் சொல்லாது என்று எல்லோரும் நம்புகிறார்கள். சரி, சொல்லாது. ஆனால் எடுத்த நாளில் என்ன இருந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். செல்போன் வரைபடத்தில் நீங்கள் பார்ப்பது நேரலை இல்லை. மேகம் மறைக்காத நாட்களின் படங்களைப் பொறுக்கி ஒட்டவைத்தது. நம் கரையில் வானம் வெளுத்திருப்பது எப்போது? பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை. தண்ணீர் நிற்பது எப்போது? வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போது வானம் முழுக்க மேகம். ஆக, மேகமில்லாத நாளாகத் தேடினால் பெரும்பாலும் தண்ணீரில்லாத நாள்தான் கையில் கிடைக்கும். மாப்பிள்ளை குடிக்கமாட்டார் என்பதற்குக் காலை ஒன்பது மணிக்கு எடுத்த போட்டோவைச் சாட்சியாகக் காட்டுவது போலத்தான் இது.

ஈரநிலம் என்றால் வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கவேண்டும் என்று யார் சொன்னது? 1971-ல் ஈரானிலுள்ள ராம்சாரில் கையெழுத்தான சர்வதேச ஈரநில உடன்படிக்கையே தற்காலிகமாக நீர் நிற்கும் இடத்தையும் ஈரநிலம் என்றுதான் வரையறுக்கிறது. 2022-ல் பிச்சாவரம் அந்த உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோது நம் மாவட்டமே பெருமைப்பட்டது. அங்கே குடும்பத்தோடு படகில் போய்ச் சுரபுன்னை மரத்தோடு செல்ஃபி எடுத்துக்கொள்கிறோம். அதே இனத்து நிலம் நம் தெருவுக்குப் பின்னால் இருந்தால் மட்டும் "சும்மா கெடக்கற எடம்".

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அப்புறம் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைமீறியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி நாட்களில் சாதாரணப் படத்தில் மேகம்தான் தெரியும். சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்தான் எங்களுக்குக் கண். ரேடார் அலை மேகத்தை ஊடுருவும்; அசையாத தண்ணீர் படத்தில் கருப்பாக விழும். அதிலும் ஒரு சங்கடம், அது தினமும் நம் தலைக்குமேல் வராது. வெள்ளம் உச்சத்தில் இருக்கிற நாளைத் தவறவிட்டுவிட்டு வந்தால், படம் பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆகாயத்தாமரை மூடிய குளத்தைக் கணினி புல்வெளி என்று எழுதிவைப்பதும் உண்டு. இருபது வருடமாக இதே வேலையாக இருக்கிற நாங்களே நேரில் போய்க் காலை நனைக்காமல் அறிக்கை எழுதுவதில்லை. நீங்கள் செல்போனைப் பார்த்து முன்பணம் கொடுக்கிறீர்கள்!

மனை பார்க்கிறவர்கள் தயவுசெய்து கூகுள் எர்த்தில் பழைய தேதிப் படங்களைத் திறந்து, ஜனவரியில் எடுத்தது இருக்கிறதா என்று தேடுங்கள். மேகம் விலகியிருக்கும், தண்ணீர் இன்னும் வடிந்திருக்காது. கிராம நிலப்படத்தில் பக்கத்தில் ஓடையோ வாய்க்காலோ கோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தரையில் உப்புநிலத்தில் முளைக்கிற உமரிச் செடியும் கோரையும் இருந்தால் அது தண்ணீர் ஏறுகிற இடம்தான், வேறு விசாரணையே வேண்டாம். தரகரிடம் கேட்காதீர்கள், அங்கே மாடு மேய்க்கிறவரிடமும் நண்டு பிடிக்கிறவரிடமும் கேளுங்கள். "பட்டா இருக்கு சார்" என்று என்னிடம் சொல்லாதீர்கள். நிலம் யாருடையது என்பதற்குத்தான் பட்டா, தண்ணீர் வராது என்பதற்கு இல்லை.

ஆசிரியருக்கு ஒரு ஜனவரிப் படத்தை எடுத்துக் காட்டினேன். அவர் மனை இருந்த இடத்தில் நீலம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாலடி மண்ணு அடிச்சு மேடாக்கிட்டா?" என்றார். முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துக்கொண்டு, கடலும் ஏற்றத்தில் இருந்தால், ஆற்றுவெள்ளம் பின்வாங்கிப் பரவுகிற இடம் அது. நீங்கள் மேடாக்கினால் அந்தத் தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குப் போகும், அவ்வளவுதான்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வாருங்கள். பத்து நிமிட வேலை, காசெல்லாம் வேண்டாம், ஒரு டீ போதும். கொடுத்துவிட்டு வந்தால் என்னால் படத்தைத்தான் காட்டமுடியும், பணத்தைத் திருப்பி வாங்கித்தர முடியாது.