வதந்தி என்றால் ‘சொல்கிறார்கள்’

கெம்பஸில் படிக்கும் பிள்ளையைக் காணவில்லை என்று பெற்றோர் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். இரண்டொரு நாளில் ‘வதந்திகளை நம்ப வேண்டாம்’ என்ற வேண்டுகோள் கட்டாயம் வரும். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ வீட்டுப் பேச்சில் இந்தச் சொல் அவ்வளவாக வராது. ‘ஒரு கதை அடிபடுது’, ‘ஊருக்குள்ள கதைக்கிறாங்க’ என்பார்கள். பத்திரிகைக்கும் ஒலிபெருக்கிக்கும் உரிய சொல்லாகவே வதந்தி இருந்து வருகிறது.

வதந்தி வடசொல். ‘வத்’ என்ற வினையடிக்குப் பேசுதல், சொல்லுதல் என்று பொருள். அதன் படர்க்கைப் பன்மை நிகழ்கால வடிவம் ‘வதந்தி’, அதாவது ‘சொல்கிறார்கள்’. யார் சொல்கிறார்கள் என்பது அதற்குள் இல்லை. ‘என்ன சொல்கிறார்கள்’ என்று பொருள்படும் ‘கிம்வதந்தி’ என்ற வடிவமும் உண்டு. மலையாளத்தார் இன்றும் அதைத்தான் வழங்குகிறார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் நம்மைப் போலவே வதந்திதான். வாதம், வாதி, பிரதிவாதி, முகத்தைக் குறிக்கும் வதனம் எல்லாம் இந்த வேரிலிருந்து வந்தவை. கொல்லுதல் என்ற பொருளுடைய வதம், வதை இரண்டும் வேறு வேர். வடமொழியில் அவற்றின் தகர ஒலியே வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். வதந்‘தீ’ என்று தலைப்புப் போடுவது பத்திரிகைக்காரர்களின் விளையாட்டு. சொல்லின் பிறப்புக்கும் நெருப்புக்கும் தொடர்பில்லை.

அம்பாறைப் பக்கம் சந்தையில் காதில் விழும் சிங்களச் சொல் ‘கட கதா’. கட என்றால் வாய், கதா என்றால் கதை. வாய்க்கதை. இதிலும் யாருடைய வாய் என்று இல்லை.

தமிழில் இந்த வேலைக்கு ஒரு முழுச் சொல்லே தேவையில்லை. வினையின் வாலில் ‘ஆம்’ ஒட்டினால் போதும். ‘புள்ள இரவு ஹொஸ்டலுக்கு வரல்ல’ என்றால் சொல்பவர் அதற்குப் பொறுப்பு. ‘வரல்லயாம்’ என்றால் யாரோ சொன்னார்கள், என்னைக் கேட்காதே. ‘ஒரு ஊரில ஒரு ராசா இருந்தானாம்’ என்று கதை தொடங்குகிறதே, அதே ஆம்தான். வதந்திக்குச் சரியான தமிழ் எது என்று கேட்டால் நான் முதலில் இந்த இரண்டெழுத்தைத்தான் காட்டுவேன். ‘வதந்தி’ என்ற வினை வடிவம் சொல்வதை இது அப்படியே சொல்கிறது. பேச்சுத் தமிழ் தனக்குத் தானே வைத்திருக்கும் பாதுகாப்பு என்றும் சொல்லலாம்.

இந்த ஆம் எங்கே உதிர்கிறது என்று கவனித்தால் ஊர்ப்பேச்சு எப்படி முற்றுகிறது என்பது பிடிபடும். ஒரு பேச்சுக்கு, கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலையில் படிக்கும் களுவாஞ்சிக்குடிப் பிள்ளை ஒன்று வெள்ளிக்கிழமையிலிருந்து போன் எடுக்கவில்லை. கூடப் படிக்கிறவர்களின் பேச்சு: ‘செங்கலடியில பஸ் ஏறினதாம்.’ அது ஆரையம்பதிக்கு வரும்போது, ‘ஆரோ ஒரு பொடியனோட ஏறினதாம்.’ ‘மறுகா என்னவாம்?’ என்று கேட்பவருக்குக் கொடுப்பதற்கு ஏதாவது வேண்டுமே, அதற்காக ஒரு ஓட்டோவும் கதைக்குள் வந்துவிடும். இது வரைக்கும் எல்லாவற்றின் வாலிலும் ஆம் இருக்கிறது. அப்புறம் யாரோ ஒருவர் இதை வட்ஸ்அப்பில் எழுதுகிறார்: ‘குறித்த மாணவி இளைஞர் ஒருவருடன் பஸ்ஸில் ஏறியுள்ளார். அதிகம் பகிரவும்.’ பேச்சைச் செய்தித் தமிழுக்கு மாற்றும்போது ‘ஏறினதாம்’ என்பது ‘ஏறியுள்ளார்’ ஆகிவிட்டது. எழுதியவர் பொய் சொல்ல நினைத்திருக்க மாட்டார். எழுத்தில் ‘ஏறினாராம்’ என்று போட்டால் நாகரிகமாக இல்லை என்று பட்டிருக்கும். கல்முனைக்குப் போய்ச் சேரும்போது அது கண்கண்ட சங்கதி.

செய்தித் தமிழிலும் ஆமுக்கு மாற்று இல்லாமல் இல்லை. ‘எனக் கூறப்படுகிறது’ என்று எழுதலாம். அது கோட் சூட் போட்ட ஆம். எனக்கு ஒவ்வாதது ‘எனத் தெரியவருகிறது’. நம் நாட்டுச் செய்திகளில் அது இல்லாத பந்தி அபூர்வம். யாருக்குத் தெரியவந்தது, எப்படித் தெரியவந்தது? பொலிஸார் சொன்னது, உறவினர் சொன்னது, தேத்தண்ணிக் கடையில் கேட்டது எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன.

இது நம்மூர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2013 மார்ச்சில் ஒரு மாணவர் காணாமற்போனார். ஏப்ரல் 15 அன்று பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. சந்தேக நபர்களின் படங்கள் வெளியானதும், இந்த மாணவரின் சாயல் தெரிகிறது என்று இணையத்தில் யாரோ தொடங்கினார்கள். ஓர் இரவுக்குள் ‘போலிருக்கிறது’ போய், ‘அவர்தான்’ வந்துவிட்டது. பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வசைகள் குவிந்தன. சில நாட்களில் அவருடைய உடல் ஆற்றில் கிடைத்தது. குண்டு வெடிப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டிருந்தார்.

சரி, தமிழுக்கு வருவோம். ஊர்ப்பேச்சைக் குறிக்கப் பழந்தமிழில் சொற்கள் தாராளம். அம்பல், அலர், கௌவை மூன்றும் முக்கியமானவை. அம்பல் என்பது மொட்டு நிலை. வாய்க்குள் முணுமுணுப்பு, ஒரு கண்சாடை; எதைப் பற்றி என்று வெளியே விளங்காது. அலர் என்பது மலர்ந்த நிலை: இன்னாருக்கும் இன்னாருக்கும் இன்னது என்று பெயரோடு பேசுவது. காதல் பாட்டுகளின் இலக்கணத்துக்கு எழுதிய பழைய உரையான இறையனார் களவியல் உரை இரண்டையும் இப்படித்தான் பிரிக்கிறது. கௌவை என்றால் அந்தப் பேச்சின் ஆரவாரம். திருக்குறளில் ‘அலரறிவுறுத்தல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதில் தலைவி சொல்கிறாள்: அவரைக் கண்டது ஒரே ஒரு நாள், அலரோ ‘திங்களைப் பாம்புகொண் டற்று’, நிலவைப் பாம்பு விழுங்கியது போல, ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. கிரகணத்தை யாரிடம் மறைப்பது?

அப்படியானால் வதந்திக்குப் பதில் அலர் என்று போட்டுவிடலாமா? சில தூய தமிழ் அன்பர்கள் போடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. சங்கப் பாட்டில் அலர் என்பது காதல் விவகாரத்தைப் பற்றியது. காணாமற்போன பெண்பிள்ளையைப் பற்றி எழுதும்போது ‘அலர்’ என்றால், ஊர் கட்டிய கதையை நாமே வழிமொழிந்ததாகிவிடும். பெண்பிள்ளை என்றால் ஊர் முதலில் போய் நிற்பதும் அங்கேதானே. ‘ஆரோடயோ போயிட்டாம்.’ சங்கப் பாட்டுத் தலைவி உடன்போக்கு, அதாவது காதலனோடு வீட்டை விட்டு, போன காலத்திலிருந்து இந்த ஊகம் மாறவில்லை. பொடியன் என்றால் இப்போது கடன், போதைப்பொருள், களவாக வெளிநாடு என்று பட்டியல் வேறு.

போர்க்காலத்தில் அந்தப் பட்டியல் இப்படி இருக்கவில்லை. 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவத்தினர் கொண்டுபோனார்கள். யாரும் திரும்பி வரவில்லை. இப்படிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் வருடக்கணக்காகக் கேட்டதெல்லாம் ‘ஆம்’தான். ஏதோ ஒரு காம்பில் கண்டார்களாம், உயிரோடு இருக்கிறார்களாம், காசு கொடுத்தால் காட்டுவார்களாம். சாத்திரம் கேட்டதும் மை போட்டுப் பார்த்ததும் அந்த ‘ஆம்’ என்ற வாலைப் பிடித்துக்கொண்டுதான். ‘காணாமற்போனோர்’ என்று எழுதினால் இவர்கள் இன்று மறுக்கிறார்கள், ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று எழுதச் சொல்கிறார்கள். தானாகத் தொலைய அவர்கள் ஒன்றும் திருவிழாவில் கைவிட்ட பிள்ளைகள் இல்லை. பஸ் ஏறிப் போன் எடுக்காத பிள்ளைக்கு, விசாரணை முடியும்வரை, ‘காணாமற்போன’ என்பதே சரி. இரண்டையும் கலக்கக் கூடாது.

புரளி என்ற சொல்லையும் பார்த்துப் பாவிக்க வேண்டும். ‘புரளி கிளப்பிவிட்டான்’ என்கிறோம். பொய் என்று தெரிந்தே கிளப்பியவர் ஒருவர் அதற்குள் இருக்கிறார். வதந்தியோ பிறகு உண்மையாகவும் போகலாம். செவிவழிச் செய்தி பொருத்தம்தான், ஆனால் பழங்கதைகளுக்கும் கோயில் வரலாறுகளுக்கும் அது பழகிவிட்டது. என் தெரிவு ஊர்ப்பேச்சு. களுவாஞ்சிக்குடியிலும் விளங்கும், அக்கரைப்பற்றிலும் விளங்கும். வதந்தி என்றே எழுதினாலும் குடிமுழுகாது.

கடைசியாக ஊகம். இதுவும் வடசொல்தான். போன் எந்தக் கோபுரத்தோடு கடைசியாகத் தொடர்பு கொண்டது, சிசிடிவியில் என்ன பதிந்தது என்று தடயம் வைத்துப் போனால் அதற்கு உய்த்துணர்தல் என்று நல்ல தமிழ் இருக்கிறது. தடயமே இல்லாமல் கடை வாங்கில் இருந்து சொல்வதை ஊகம் என்று விட்டுவிடலாம். பழந்தமிழில் ஊகம் என்றால் கருங்குரங்கு. சிலர் ‘யூகம்’ என்று எழுதுகிறார்கள். அகராதியைப் புரட்டினால் அதற்கும் குரங்கு என்ற பொருள் உண்டு.