பெண்கள் நலம்: பொது மருத்துவர்கள் படிக்காமல் விட்ட பாடம்

பிரஷர் மாத்திரைக்காக வரும் முப்பது வயதுப் பெண்ணிடம் "அடுத்த குழந்தைக்கு ஏதாவது யோசனை இருக்காம்மா?" என்று எத்தனை பொது மருத்துவர்கள் கேட்கிறோம்? எனலாபிரில், டெல்மிசார்டன் போன்ற மாத்திரைகளைக் கர்ப்பகாலத்தில் சாப்பிட்டால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்படும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், பரீட்சையிலும் எழுதியிருக்கிறோம். ஆனால் புறநோயாளிப் பிரிவில் வரிசை வாசல்வரை நிற்கும்போது அந்தக் கேள்வி வாயில் வருவதில்லை.

வலிப்பு நோயும் அப்படித்தான். பள்ளிக்கூட வயதில் ஆரம்பித்த வால்ப்ரோயேட் மாத்திரை கல்யாணம் நிச்சயமான பிறகும் அதே சீட்டில் தொடரும். அந்த மருந்தோடு கருவுற்றால் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். (இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு வந்தால் அது இன்னும் மோசம். மருத்துவரிடம் போய் வேறு மருந்துக்கு மாறுவது பற்றிக் கேளுங்கள்.) காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். இதை மகப்பேறு மருத்துவர் சொல்லியிருப்பார் என்று காசநோய் மருத்துவர் நினைப்பார். அவர் சொல்லியிருப்பார் என்று இவர் நினைப்பார். நடுவில் அந்தப் பெண்ணிடம் யாருமே சொல்லியிருக்கமாட்டார்கள்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் பொது மருத்துவர்களுக்குப் பெண்கள் நலத்தில் தனி ஃபெலோஷிப் பயிற்சி, அதாவது எம்.டி. முடித்த பிறகு எடுக்கும் கூடுதல் பயிற்சி, வேண்டும் என்கிறேன். பிரசவம் பார்க்கவோ கர்ப்பப்பை அறுவை சிகிச்சை செய்யவோ அல்ல. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். சர்க்கரை, பிரஷர், தைராய்டு, இதயம், ரத்தசோகை, மனச்சோர்வு என்று நாங்கள் தினமும் பார்க்கும் நோய்களையே பெண்ணின் உடம்பில் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு.

பாதிப் பிரச்சினை எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்த விபரீதத்துக்குப் பிறகு, கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வழிகாட்டுதல் வெளியிட்டது. 1993-ல்தான் அதை விலக்கிக்கொண்டார்கள். இடையில் ஆண் உடம்பில் பார்த்த அளவுகளே பெண்களுக்கும் போய்ச் சேர்ந்தன. தூக்க மருந்தான ஸோல்பிடெம் பெண்களின் ரத்தத்தில் மெதுவாகத்தான் குறைகிறது என்பதால், அவர்களுக்குச் சிபாரிசு செய்யும் அளவை அதே அமைப்பு பாதியாகக் குறைத்தது 2013-ல். மருந்து சந்தைக்கு வந்து இருபது வருடம் ஆன பிறகு! பொது மருத்துவம் முடித்தவர்களுக்குப் பெண்கள் நல ஃபெலோஷிப் என்பது அமெரிக்காவில் 1990-களில் வேர் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள், ஆம்பூர், ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி பஸ் ஏறும் பெண்கள் எல்லோரும் சொல்லும் முதல் வார்த்தை "அசதியா இருக்கு டாக்டர்". கேட்ட கையோடு ஒரு சத்து மாத்திரை, ரொம்ப வற்புறுத்தினால் ஒரு குளுக்கோஸ் பாட்டில். 2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அதற்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதுவது சுலபம். மாதாமாதம் எத்தனை நாள் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறதா என்று கேட்பதுதான் விட்டுப்போகிறது. ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? அப்புறம் அந்த மாத்திரையை டீயோடு விழுங்குகிறாரா, கால்சியம் மாத்திரையோடு சேர்த்தா என்பதும் முக்கியம். ரெண்டுமே இரும்பை உடம்பில் சேரவிடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதற்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். இதையெல்லாம் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

இவற்றைவிட என்னை அதிகம் உறுத்துவது, பிரசவத்துக்குப் பிறகு ஒரு பெண் யாருடைய நோயாளியாகவும் இல்லாமல் போவதுதான். கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிப்பதில் நாம் நன்றாகவே முன்னேறிவிட்டோம். சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் முயற்சியால், 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140-ஐ எட்டுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை ஆரம்ப சுகாதார நிலையம்வரை வந்துவிட்டது. குழந்தை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிடும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் அப்படிப்பட்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு. பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி சோதனை, அதன்பின் காலம் முழுக்க அவ்வப்போது சோதனை என்பது விதி. குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் தாய்க்குத் தன் ரத்தத்தைப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. யாரும் கூப்பிடுவதும் இல்லை.

கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போய், அவசரமாகச் சிசேரியன் ஆனவர்களுக்கும் இதே கதி. அவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. நாற்பத்தைந்து வயதில் அவரே மூச்சு வாங்குது, தாடை வலிக்குது, வயிறு எரியுது என்று வந்தால் "கேஸ்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. பழைய பிரசவத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரு ஈ.சி.ஜி. எடுக்கத் தோன்றியிருக்கும்.

பெண்களுக்காகவே மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918-ல் வேலூரில் அதை ஆரம்பித்தார், ஆண் மாணவர்கள் 1947-ல்தான் உள்ளே வந்தார்கள். ஆண் மருத்துவரிடம் காட்டமாட்டோம் என்று சொல்லிப் பிரசவத்தில் பெண்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. இன்று எந்த மருத்துவரிடமும் காட்டுகிறார்கள். மாறவேண்டியது காட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கும் எங்கள் பழக்கம்.

ஃபெலோஷிப் தேடும் எம்.டி. தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் எஃப்.என்.பி. படிப்புகளில் அதிக ஆபத்துள்ள கர்ப்பம், குழந்தையின்மை சிகிச்சை போன்றவை மகப்பேறு மருத்துவம் முடித்தவர்களுக்கானவை. பொது மருத்துவம் முடித்தவர்கள் மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் நடத்துவதில்தான் தேட வேண்டியிருக்கும். அதைத் தேசிய மருத்துவ ஆணையத்தில் கூடுதல் தகுதியாகப் பதிய முடியுமா என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்துப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கும் படிப்புகளும் உண்டு. அறிவுக்கு நல்லது, கைக்குப் பழக்கம் வராது. கர்ப்பிணிகளுக்கான மருத்துவ கிளினிக்கில் மகப்பேறு மருத்துவரோடு சேர்ந்து உட்கார விடுவார்களா, புற்றுநோய்க்கான மாற்றம் தெரிகிறதா என்று கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனையை உங்கள் கையாலேயே செய்ய விடுவார்களா, மாதவிடாய் நிற்கும் வயதுப் பிரச்சினைகளும் வீட்டில் அடி வாங்குகிறவரிடம் பேசும் முறையும் பாடத்தில் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். அந்த அசிட்டிக் அமிலச் சோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர்களே செய்வது. அப்படியும் முன்சொன்ன கணக்கெடுப்பில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஒருமுறையாவது சோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 30–49 வயதுப் பெண்களில் 9.8 சதவீதம்தான். மூட்டு வலிக்கு வரும் பெண்ணிடம் "இந்தச் சோதனை செஞ்சாச்சா?" என்று நாம் கேட்டாலே அந்த எண் ஏறும்.

ஃபெலோஷிப்பில் சேர்ந்தால் ஒரு வருடம் சம்பளம் குறையும் என்ற கவலை நியாயமானது. முடியாதவர்கள் எம்.டி. படிப்பில் கட்டாயமாக இருக்கும் மூன்று மாத மாவட்டப் பயிற்சியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதில் வாரம் ஒரு நாள் கர்ப்பிணிகள் கிளினிக்கில் நிற்கிறேன் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

அக்கா தங்கைகளுக்கு: பிரசவத்தின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள். எந்த நோய்க்கு எந்த மருத்துவரிடம் போனாலும் அதை எடுத்துப் போங்கள், நாங்கள் கேட்காவிட்டாலும் மேஜையில் வையுங்கள்.