பச்சைதான், ஆனால் எப்போது பார்த்த பச்சை?

சர்வர்களைக் கவனிக்க நான் தினமும் திறந்து வைத்திருப்பது ஒரு ஓப்பன் சோர்ஸ் டெர்மினல் டாஷ்போர்டு, அதாவது எழுத்துகளாலான கட்டளைத் திரையிலேயே ஓடும் கண்காணிப்புப் பலகை. எந்த சர்வீஸ் ஓடுகிறது, எது விழுந்துவிட்டது என்று காட்டும் ஸ்டேட்டஸ் வசதி அதில் இல்லை, நானே எழுதிச் சேர்த்தேன். பின்னணியில் ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு கிளை) பத்து விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வீஸையும் தட்டிப் பார்க்கும். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. ஒரே மாலையில் முடிந்த வேலை, என் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பிய புல் ரிக்வெஸ்டையும் ஏற்றுக்கொண்டார்கள்.

சில வாரம் கழித்து ஒரு நாள், பேக்கப் சர்வீஸ் நின்றுபோய் ஆறு மணி நேரம் ஆகியிருந்தது, திரையிலோ பச்சை. தேடிப் பார்த்தால், தட்டிப் பார்க்க அனுப்பும் கோரிக்கைக்கு நான் டைம்அவுட், அதாவது இவ்வளவு நேரம்தான் காத்திருக்கலாம் என்ற வரம்பு, வைக்கவே இல்லை. எதிர்முனை இணைப்பை ஏற்றுக்கொண்டு பதில் எதுவும் சொல்லாமல் இருக்க, என் த்ரெட் அங்கேயே காத்துக் கிடந்திருக்கிறது. கடைசியாகக் கிடைத்த விடை பச்சை என்பதால் திரை அதையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தது, மூலையில் கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஸ்டேட்டஸ் வசதியே இல்லாதபோது தினம் ஒருமுறையாவது கையால் சரிபார்த்துக்கொண்டிருந்தோம், அது வந்த பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. இதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஸ்டேட்டஸுக்கு இரண்டு நிலை போதும் என்று நினைத்ததுதான் அடிப்படைத் தவறு. நாகியோஸ் என்ற பழைய கண்காணிப்புக் கருவியின் ப்ளகின்கள் (அதோடு சேர்த்து ஓடும் சிறு நிரல்கள்) நான்கு விதமாகப் பதில் சொல்லும்: 0 என்றால் சரி, 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. அந்த 3-ஐ, ‘தெரியவில்லை’ என்பதைத்தான் நான் விட்டுவிட்டேன். இப்போது என் நிரலில் ஒவ்வொரு ஸ்டேட்டஸும் பிறக்கும்போதே ‘தெரியவில்லை’ என்றுதான் பிறக்கிறது, பக்கத்திலேயே எத்தனை விநாடிக்கு முன் பார்த்தது என்ற எண்ணும் ஓடுகிறது. மூன்று சுற்று தவறினால் பழைய பச்சை தானாகவே உதிர்ந்து மறுபடியும் ‘தெரியவில்லை’ ஆகிவிடும்.

அந்த விநாடிகளை எந்தக் கடிகாரத்தில் அளப்பது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண நேரத்தை நம்பினால், கணினி தன் நேரத்தைத் திருத்திக்கொள்ளும்போது கணக்கு குழம்பும். அதற்காக, பின்னோக்கிப் போகாமல் முன்னோக்கி மட்டுமே ஓடும் மோனோடோனிக் கடிகாரத்துக்குப் போனால், லினக்ஸில் அது கணினி உறங்கிய நேரத்தைச் சேர்ப்பதில்லை, மடிக்கணினியை மூடிவிட்டு மறுநாள் காலையில் திறந்தாலும் நேற்றைய பச்சை நாலு விநாடிக்கு முன் பார்த்ததாகத் தெரியும். உறங்கிய நேரத்தையும் சேர்த்து எண்ணும் பூட்டைம் கடிகாரம் தனியாக இருக்கிறது, இந்த வேலைக்கு அதைத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் ‘ஓடுகிறது’ என்றால் என்ன? லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி ‘ஆக்டிவ்’ என்று சொல்வதை அப்படியே பச்சையாக மாற்றிவிடுகிறவர்கள் நிறைய. பெரும்பாலான சர்வீஸ்களில் அதன் பொருள், ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) உயிரோடு இருக்கிறது என்பது மட்டும்தான். பேக்கப் எடுக்கும் ப்ராசஸ் உயிரோடு இருந்துகொண்டே ஒரு ஃபைலைக்கூட எழுதாமல் இருக்கலாம். அதனால் ப்ராசஸை விட்டுவிட்டு, கடைசி பேக்கப் ஃபைல் எப்போது எழுதப்பட்டது என்பதைப் பார்க்கும்படி மாற்றினேன்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. நிறமே வேண்டாம் என்று நிரல்களுக்குச் சொல்லும் நோ கலர் (NO_COLOR) சூழல் மாறியைத் தங்கள் கணினியில் அமைத்து வைத்திருப்பவர்களும் உண்டு. ‘சரி’, ‘விழுந்தது’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் இரண்டு தரப்புக்கும் போதும்.

பலருடைய நிரலில் நான் பார்க்கும் ஓட்டை ஒன்று, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. சர்வீஸ் அனுப்பும் பிழைச் செய்தியை அப்படியே திரையில் அச்சிடுகிறார்கள். டெர்மினலுக்குக் கட்டளையும் எழுத்தும் ஒரே வழியில்தான் வருகின்றன. 27 என்ற எண்ணுள்ள எஸ்கேப் குறி வந்தால் அடுத்து வருவதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து வந்த செய்திக்குள் அந்தக் குறி ஒளிந்திருந்தால் திரையை அழித்து, விழுந்த சர்வீஸின் வரியில் ‘சரி’ என்று எழுதவும் முடியும். கட்டுப்பாட்டுக் குறிகளை வடிகட்டாமல் ஒரு வரியைக்கூட அச்சிடக் கூடாது. இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்.

இப்போதெல்லாம் யாராவது ஸ்டேட்டஸ் வசதிக்குப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் நான் முதலில் செய்வது ஒன்றுதான். கருவியை ஓடவிட்டு, எல்லாம் பச்சை ஆனதும், கவனிக்கப்படும் சர்வீஸைத் தொடாமல், அதைத் தட்டிப் பார்க்கும் த்ரெட்டை நிறுத்தி வைக்கிறேன். பிறகு திரை ‘தெரியவில்லை’ என்று மாற எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுகிறேன். போன மாதம் பார்த்த ஒன்றில் கால் மணி நேரம் காத்திருந்தும் மாறவே இல்லை. திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினேன், எழுதியவர் இரண்டே நாளில் சரிசெய்து அனுப்பிவிட்டார்.