அண்ணன் 89, தம்பி 92: எந்த வருஷத்துப் பேப்பர் கஷ்டம்?

அண்ணன் 2022இல் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுதி 89 பெர்சன்டைல் வாங்கினான், பொதுப் பிரிவில் ஐஐடி சேர்க்கைக்கான அடுத்த கட்டத் தேர்வான அட்வான்ஸ்டு எழுதத் தகுதியும் பெற்றான் என்று வைத்துக்கொள்வோம். தம்பி 2024இல் எழுதி 92 வாங்கினான், தகுதி கிடைக்கவில்லை. வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "இந்த வருஷம் பேப்பர் ஈஸி. அதான் கட்-ஆஃப் ஏறிடுச்சு." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஏற்றத்துக்கும் பேப்பருக்கும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லை.

(நம் ஊரில் "கட்-ஆஃப் எவ்வளவு?" என்று கேட்டால், கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்கு அந்தப் பிள்ளை எடுத்தது எவ்வளவு என்று அர்த்தம். இங்கே நான் சொல்வது தகுதிக் கோட்டை.)

ஜேஇஇ மெயின் ஒரே நாளில் நடக்கும் தேர்வு அல்ல. பல நாள், பல ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு ஒரு வினாத்தாள். காலைத் தாள் கடினமாகவும் மாலைத் தாள் எளிதாகவும் அமைந்துவிடலாம். அதனால் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை மார்க்கை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் ஷிஃப்டில் உங்கள் மார்க்கோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று பார்க்கிறது. அதுதான் பெர்சன்டைல். எந்த ஷிஃப்டில் யார் என்பது குலுக்கல் போல அமைவதால், எல்லா ஷிஃப்டிலும் கெட்டிக்காரர்கள் ஒரே அளவில்தான் இருப்பார்கள் என்பது இதன் அடிப்படை. கடினமான காலையில் 160 எடுத்தவரும் எளிய மாலையில் 185 எடுத்தவரும் ஒரே பெர்சன்டைலில் வந்து நிற்கலாம்.

அதாவது, இந்த ஏற்பாட்டின் வேலையே பேப்பரின் கடினத்தைத் துடைத்துவிடுவதுதான். மலையேறுகிற கூட்டத்தில் நீங்கள் எத்தனையாவது ஆள் என்று அது சொல்லும். மலைக்கு எத்தனை படி என்று சொல்லாது. கடினத்தைத் துடைத்துவிட்ட எண்ணை வைத்துக்கொண்டு கடினத்தைத் தேடுகிறோம்!

சரி, அப்படியானால் கோடு ஏன் ஏறியது? கால்குலேட்டரை எடுங்கள். அட்வான்ஸ்டுக்குப் போகிறவர்கள் சுமார் 2.5 லட்சம் பேர். அதில் பொது ஒதுக்கீடு 40.5 சதவீதம், மாற்றுத்திறனாளிகளுக்கான உள் ஒதுக்கீட்டையும் சேர்த்து 1,01,250 இடம். 2022இல் மெயின் எழுதியவர்கள் சுமார் 9.05 லட்சம். வகுத்தால் 11.2 சதவீதம், ஆக, கோடு 88.8 பக்கம் விழ வேண்டும். உண்மையில் விழுந்தது 88.41. 2024இல் கூட்டம் சுமார் 14.15 லட்சம். அதே 1,01,250 இடத்துக்கு 7.2 சதவீதம்தான் தேறும். கணக்குப்படி கோடு 92.8, உண்மையில் 93.24. 2025க்கும் போட்டுப் பார்த்தேன். 14.75 லட்சம் பேர், கணக்கு சொல்வது 93.1, வந்ததும் 93.10. ஒரு கேள்வியைக்கூடப் படிக்காமல் கட்-ஆஃபைச் சொல்லிவிட முடிகிறது. தம்பியைத் தடுத்தது கூட்டம்.

அட்வான்ஸ்டில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரே நாள், எல்லோருக்கும் அதே இரண்டு தாள், நேரடி மார்க். அங்கேயாவது வருஷங்களை ஒப்பிடலாமா என்றால், 2021ஐயும் 2023ஐயும் பக்கத்தில் வையுங்கள். இரண்டுமே 360 மார்க். முதலிடம் பெற்றவர் 2021இல் 348, 2023இல் 341. இதைப் பார்த்தால் 2023தான் கொஞ்சம் கடினம். ஆனால் பொதுத் தரவரிசையில் இடம்பெறத் தேவைப்பட்டது 2021இல் 63, 2023இல் 86. இதைப் பார்த்தால் 2021தான் கடினம், அதுவும் நிறையவே. எது சரி? முதல் ஆள் ஒரே ஒரு ஆள். அவரை வைத்து எதையும் சொல்ல முடியாது. அது போக, கடினம் என்பது ஒற்றை அளவும் அல்ல. நடுத்தர மாணவரை முதல் பக்கத்திலேயே உட்கார வைத்துவிடும் தாள், உச்சியில் இருப்பவரை ஒன்றும் செய்யாமல் விடலாம்.

கீழ்க்கோட்டையும் முழுசாக நம்ப முடியாது. 2018இல் முதலில் 360க்கு 126 என்று கோடு போட்டார்கள்; 18,138 பேர் தேறினார்கள். ஐஐடி இடங்களைப் போல இரண்டு மடங்கு ஆட்களாவது பட்டியலில் வேண்டும் என்று மத்திய அரசு சொன்னதும் கோடு 90க்கு இறங்கியது. பட்டியல் 31,980 ஆனது. ஒரே பேப்பர், ஒரே விடைகள், சில நாள் இடைவெளியில் இரண்டு கட்-ஆஃப். கையில் இருப்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றால், குறிப்பிட்ட ஒரு ரேங்க், சொல்லப்போனால் 5,000ஆவது ரேங்க், எந்த வருஷம் எத்தனை மார்க்கில் வந்தது என்று பார்ப்பது இதைவிட மேல். அதிலும் 5,000ஆவது ஆள் எல்லா வருஷமும் ஒரே திறமை என்று நம்ப வேண்டியிருக்கிறது.

முடிச்சு அங்கேதான் இருக்கிறது. மார்க் குறைந்தால் தாள் கடினமா, எழுதியவர்கள் சுமாரா என்று மார்க்கே பிரித்துச் சொல்லாது. பிரிக்க வேண்டுமானால் இரண்டு வருஷத் தாளிலும் சில கேள்விகள் பொதுவாக இருக்க வேண்டும். அந்தப் பொதுக் கேள்விகளில் இரண்டு வருஷத்தாரும் சமமாகச் செய்து, மற்றதில் மட்டும் இந்த வருஷத்தார் சறுக்கினால், தாள்தான் கடினம். பொதுக் கேள்விகளிலேயே சறுக்கினால், ஆட்கள்தான் வேறு. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி தேர்வு 1941 ஏப்ரலில் எழுதியவர்களை அளவுகோலாக வைத்து, பின்னால் வந்த தாள்களையெல்லாம் இப்படிச் சங்கிலி போட்டு இணைத்துக்கொண்டே வந்தது. 1995இல்தான் அந்த அளவுகோலை மாற்றினார்கள்.

ஜேஇஇயில் அது நடக்காது. தாள் வெளியே வருகிறது, அன்று மாலையே யூடியூபில் தீர்வு வந்துவிடுகிறது. அடுத்த வருஷம் அதே கேள்வியைப் போட்டால் சோதிப்பது ஞாபகசக்தியைத்தான். அப்புறம், சேர்க்கைக்கு இது தேவையும் இல்லை. இந்த வருஷத்து ஆட்களை வரிசைப்படுத்தினால் போதும்.

எனக்குத் தெரிந்த ஒரு கணித வாத்தியார் மட்டும் இதைச் செய்கிறார். ஒவ்வொரு ஜூனிலும் புது பேட்ச் வந்ததும் அதே இருபது கேள்வி. மஞ்சளேறிப்போன ஜெராக்ஸ் கட்டு, பீரோவில் பூட்டு. முடிந்ததும் தாள்களை எண்ணி வாங்குவார். ஒன்று குறைந்தாலும் யாரும் வாசலைத் தாண்ட முடியாது.