குஞ்சுக்கு நம்மைக் கண்டு பயம் இருக்கட்டும்

கீழே விழுந்த பறவைக் குஞ்சை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டில் நாய், பூனை இருக்கிறதா?" என்றுதான். பெரும்பாலும் இருக்கும். துடிக்கும் குஞ்சைப் பார்த்துவிட்டுக் கடந்துபோக மனம் வராதவர்கள், ஏற்கெனவே இரண்டு மூன்று உயிர்களை வளர்ப்பவர்களாகத்தான் இருப்பார்கள். "எங்க நாய் ஒண்ணும் செய்யாது டாக்டர், காவலுக்குப் பக்கத்துலயே படுத்துக்குது" என்று செல்போனில் வீடியோ காட்டுவார்கள். நாயின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி, குஞ்சு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பார்க்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அந்தக் குஞ்சு பயத்தில் உறைந்துபோயிருக்கிறது. ஓடவும் பறக்கவும் முடியாத பறவை, தன்னைத் தின்னக்கூடிய விலங்கின் முன்னால் அசைவை நிறுத்திவிடும். அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அதுதான். கையில் எடுத்தால் நெஞ்சு படபடப்பது விரலில் தெரியும். இந்த நிலை நீடித்தால், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத குஞ்சும் இரை எடுக்காமல் போய்ச் சாகலாம். பிழைத்துவிட்டால் இன்னொரு ஆபத்து: நாய் என்றால் பயப்படத் தேவையில்லை என்று பழகி வளரும். வெளியே அது எதிர்கொள்ளப்போவது உங்கள் நாயை அல்ல.

பூனை விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பூனை வாயில் கவ்விய பறவையை, காயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். பூனையின் பல் ஊசிபோல மெல்லியது. குத்திய இடம் இறகுக்கடியில் மறைந்துவிடும். அதன் வாயில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா இயல்பாகவே வாழ்கிறது. பறவையின் ரத்தத்தில் அது கலந்தால் ஓரிரு நாளிலேயே உயிரைப் பறித்துவிடும். "மெதுவாத்தான் கவ்வுச்சு, ரத்தமே வரலை" என்று ஒரு ராத்திரி வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் மாலை கொண்டுவருவார்கள். அந்த நேரத்துக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் பலன் குறைவு.

சரி, குஞ்சை எடுத்து வரத்தான் வேண்டுமா? இதை முதலில் பார்க்க வேண்டும். உடம்பு முழுக்க இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு, கூட்டைவிட்டு இறங்கிப் பறக்கப் பழகுகிற வயதில் இருக்கிறது. தாயும் தகப்பனும் பக்கத்து மரத்திலிருந்து வந்து தரையிலேயே ஊட்டும். அதற்கு உதவி செய்ய வேண்டுமானால் உங்கள் நாயையும் பூனையையும் சில நாள் வீட்டுக்குள் கட்டுப்படுத்தி வையுங்கள், அது போதும். இறகு முளைக்காத குஞ்சு என்றால் கூட்டைத் தேடி உள்ளே வைத்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய்ப்பறவை சேர்க்காது என்பது உண்மை இல்லை. கூடு கலைந்துபோயிருந்தால், அடியில் துளையிட்ட சின்னக் கூடையில் காய்ந்த புல்லை வைத்து அதே மரத்தில் கட்டிவிட்டு, தூரத்தில் நின்று ஓரிரு மணி நேரம் பாருங்கள். பெற்றோர் வந்து ஊட்டினால் உங்கள் வேலை முடிந்தது. எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டாலும் நம்மால் அந்த இரண்டு பறவைகளுக்கு ஈடாக வளர்க்க முடியாது.

காயம் பட்டது, பெற்றோர் இறந்துவிட்டது, பூனை கவ்வியது என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்ததும் வனத்துறைக்கோ, பறவை மறுவாழ்வு மையத்துக்கோ தகவல் சொல்லுங்கள். காட்டுப்பறவையை அனுமதியில்லாமல் வீட்டில் வைத்துக்கொள்வது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அது ஒரு பக்கம் இருக்க, அவர்களிடம் அதே இனக் குஞ்சுகள் வேறு இருக்க வாய்ப்பு உண்டு; கூட ஒரு துணை கிடைப்பது குஞ்சுக்குப் பெரிய விஷயம்.

அவர்கள் கைக்குப் போகும்வரை முதல் தேவை சூடு. இரை அதற்கு அப்புறம்தான். பறவையின் உடல்சூடு சுமார் 40 டிகிரி. இறகில்லாத குஞ்சால் அதைத் தானாகக் காப்பாற்றிக்கொள்ள முடியாது; சுற்றிலும் 35 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் இருக்கட்டும், அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். வாயைத் திறந்து இளைத்தால் சூடு கூடிப்போய்விட்டது என்று அர்த்தம். சில்லிட்ட குஞ்சுக்கு எதைக் கொடுத்தாலும் செரிக்காது. வழுக்கும் தரையில் வைத்தால் கால்கள் இரண்டு பக்கமும் விலகி அப்படியே கோணிவிடும். டிஷ்யூ காகிதத்தைக் கிண்ணம்போல் சுருட்டி, கால்கள் உடம்புக்கடியில் அடங்கும்படி உட்கார வையுங்கள்.

அடுத்தது, வாயில் தண்ணீர் சொட்டாதீர்கள். குஞ்சு வாயைப் பிளக்கும்போது உற்றுப் பாருங்கள். நாக்குக்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்னப் பிளவு திறந்து மூடிக்கொண்டே இருக்கும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். இங்க் ஃபில்லரால் சொட்டும் தண்ணீர் நேராக அங்கேதான் இறங்கும். அப்புறம் மூக்குத் துளையில் நுரை, ஒவ்வொரு மூச்சுக்கும் மெல்லிய 'டிக்' சத்தம், மூச்சோடு சேர்ந்து வால் மேலும் கீழும் ஆடுவது. இந்த நிலையில் வரும் குஞ்சுகளைத்தான் என்னால் அதிகம் காப்பாற்ற முடிவதில்லை. குஞ்சுக்கு வேண்டிய நீர் இரையிலேயே இருக்கிறது. பால் கூடவே கூடாது. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைப் பறவைகளால் செரிக்க முடியாது. ரொட்டி வயிற்றை நிரப்பும், வளர்க்காது.

எல்லாக் குஞ்சுக்கும் ஒரே இரை கிடையாது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூட குஞ்சுக்குப் புழு பூச்சிகளைத்தான் ஊட்டும், ஏனென்றால் வளர்ச்சிக்குப் புரதம் வேண்டும். புறா தன் தீனிப்பையில் சுரக்கும் பால்போன்ற கூழை ஊட்டும். புறாக்குஞ்சு மற்றவைபோல வாயைப் பிளக்காது. பெற்றோரின் அலகுக்குள் தன் அலகை நுழைத்து உறிஞ்சும். வாயைத் திறக்கவில்லையே என்று பலவந்தமாகப் பிளந்து திணித்தால் அலகு சேதமாகும். ஆந்தை, கழுகுக் குஞ்சுக்கு வெறும் இறைச்சித் துண்டு மட்டும் கொடுத்து வளர்த்தால் சுண்ணாம்புச்சத்து கிடைக்காமல் எலும்பு வளைந்துவிடும். இயற்கையில் அவை இரையை எலும்போடுதான் தின்கின்றன.

பூச்சி தின்னும் குஞ்சுக்கு அவசரத்துக்கு, பூனைக்குட்டிகளுக்கான நல்ல உலர் உணவை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நீரை வடித்துவிட்டு, பட்டாணியைவிடச் சின்ன உருண்டையாக மழுங்கிய சாமணத்தால் கொடுக்கலாம். ஒன்றிரண்டு நாளுக்கு இது தாங்கும். சின்னக் குஞ்சுக்கு விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அரை மணிக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும், இரவில் வேண்டாம். வேலைக்குப் போய்க்கொண்டே செய்ய முடியுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இரை வாங்கிய குஞ்சு திரும்பி நின்று, பின்பக்கத்தைத் தூக்கி, வெள்ளைச் சவ்வுப் பையில் பொதிந்த எச்சத்தைப் போடும். பை உடையாமல் உருண்டையாக வந்தால் நான் நிம்மதியாக மூச்சுவிடுவேன். உள்ளே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

இனி வீட்டுக்கு வருவோம். குஞ்சுக்குத் தனி அறை, மூடிய கதவு. நாய் குரைப்பு கேட்காத மூலை கிடைத்தால் நல்லது. நாயைத் தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஊட்டுங்கள், ஊட்டிய பிறகும் கழுவுங்கள். காட்டுப்பறவையிடம் இருந்து, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா மனிதருக்கும் வரும். வீட்டில் கோழியோ கூண்டுக்கிளியோ இருந்தால் குஞ்சை அருகில் கொண்டுபோகவே வேண்டாம், நோய் இரண்டு பக்கமும் தாவும். பறவைக்காய்ச்சல் பூனைகளையும் கொன்றிருக்கிறது. அதனால், ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் எதையும் தொடாமல் அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். நான்ஸ்டிக் பாத்திரத்தை அடுப்பில் காயவிட்டால் எழும் புகை பறவைகளுக்கு விஷம். சில நிமிடங்களில் கொல்லும். பறக்கத் தொடங்கிய குஞ்சு இருக்கும் அறையில் மின்விசிறியைப் போடக் கூடாது.

இவ்வளவும் செய்து காப்பாற்றிய குஞ்சு உங்கள் தோளில் ஏறி உட்காரும்போது மனசு இளகும். எனக்கும் அப்படித்தான். ஆனால் அந்த இடத்தில்தான் நாம் நம்மைப் பிடித்து நிறுத்திக்கொள்ள வேண்டும். வாத்து, தாரா போன்ற பறவைகளின் குஞ்சுகள் பொரித்ததும் முதலில் கண்ணில் படும் அசையும் உருவத்தையே தாயாக எண்ணிப் பின்தொடரும். ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லாரன்ஸ் இதை 1930களிலேயே விரிவாக எழுதினார். காகம், ஆந்தைக் குஞ்சுகளும் தனியாக மனிதக் கையில் வளர்ந்தால் தங்களை மனிதக் கூட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும். பெரியதானதும் அவற்றுக்கு இணை சேரத் தெரியாது. பயமில்லாமல் தெரியாத ஆளின் தலையில் போய் இறங்கும், அடி வாங்கும். கலிபோர்னியா காண்டார் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு இனத்தில் 1987இல் எஞ்சியவை 27 பறவைகள்தான், எல்லாம் காப்பிடத்தில். அந்தக் குஞ்சுகளை வளர்த்தவர்கள் காண்டார் தலைபோலச் செய்த கைப்பொம்மையை மாட்டிக்கொண்டுதான் ஊட்டினார்கள், முகத்தைக் காட்டவில்லை. அவ்வளவு அரிய உயிரைக் கையில் வைத்திருந்தவர்களே ஒதுங்கி நின்றார்கள் என்பதை நான் வருகிறவர்களிடம் அடிக்கடி சொல்வேன்.

ஆகவே பெயர் வைத்துக் கூப்பிடாதீர்கள், ஊட்டும் நேரம் தவிர மூடிய துணியை விலக்காதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். இறகு வளர்ந்த குஞ்சு உங்களைக் கண்டு கூண்டின் மூலைக்கு ஒதுங்கினால் வருத்தப்படாதீர்கள், அதுதான் நமக்கு வேண்டியது. தானாகக் கொத்தித் தின்று, அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திணறாமல் பறந்து, தண்ணீர் தெளித்தால் இறகில் ஊறாமல் உருண்டோடும் நிலை வந்தால் விடுவதற்கான பேச்சைத் தொடங்கலாம். அதே இனப் பறவைகள் நடமாடும் இடம், மழையில்லாத நாளின் காலை நேரம், பூனைகள் சுற்றாத சூழல் பார்த்து விட வேண்டும். அதற்கு அப்புறமும் சில நாள் அங்கேயே இரை வைத்து வர வேண்டும். நாயைக் கண்டும் நகராமல் உட்கார்ந்திருக்கும் பறவையை மட்டும் தயவுசெய்து நீங்களாக வெளியே விட்டுவிடாதீர்கள். மறுவாழ்வு மையத்தில் தன் இனத்தோடு சேர்ந்து வளரும்போது, அந்தப் பயத்தை மற்ற குஞ்சுகளிடமிருந்து அது கற்றுக்கொள்ள இன்னும் வாய்ப்பு இருக்கிறது.