மெட்ரோ வாட்டர் பில்: வரி வேறு, கட்டணம் வேறு

சென்னையில் மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) பில் கைக்கு வந்ததும் பலரும் கேட்பது, "தண்ணியே சரியா வரல, இவ்வளவு எதுக்குக் கட்டணும்?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தொகையில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. அதைப் பிரித்துப் பார்க்காமல் அலுவலகம் போனால் அலைச்சல்தான் மிஞ்சும்.

முதலாவது, குடிநீர் மற்றும் கழிவுநீரகற்று வரி. நீங்கள் பிடிக்கும் தண்ணீரின் அளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சொத்துவரிக்காக மாநகராட்சி நிர்ணயித்த ஆண்டு மதிப்பில் (கட்டடத்தின் ஆண்டு வாடகை மதிப்பாகக் கணக்கிட்ட தொகை) 7 சதவீதம் இது. ஆண்டு மதிப்பு 20,000 ரூபாய் என்றால் வரி வருடத்துக்கு 1,400, அரையாண்டுக்கு 700. அந்த 7 சதவீதத்தில் குடிநீருக்கு 1.5, கழிவுநீருக்கு 5.5. அதாவது 700 ரூபாயில் 550 சாக்கடைக்குப் போகிறது; 'தண்ணி வரி' என்பது பழக்கத்தில் வந்த பெயர்தான்.

எனவே வரி கூடிவிட்டது என்று வாரியத்தில் மனு கொடுத்துப் பயனில்லை. கட்டடப் பரப்பு தவறாகப் பதிவாகியிருந்தாலோ, கடை காலியாகி வீடாக மாறிய பிறகும் வணிகம் என்றே இருந்தாலோ, முதலில் மாநகராட்சி மண்டல அலுவலகத்தின் வருவாய்ப் பிரிவில் திருத்த வேண்டும். அந்த ஆணையின் நகலோடு பிறகு வாரியத்தின் பகுதி அலுவலகம் செல்லுங்கள். பெயர் மாற்றத்துக்கும் இதே வரிசைதான்: சொத்துவரியில் மாறாத பெயர் இங்கே மாறாது.

இரண்டாவது, குடிநீர்க் கட்டணம். மீட்டர் இல்லாத வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரே விகிதம். மீட்டர் இருந்தால் ஓடிய கிலோ லிட்டர் கணக்கு. ஒரு கிலோ லிட்டர் 1,000 லிட்டர். வீட்டின் கீழ்த்தளத்தில் கடை இருந்தால் 'பகுதி வணிகம்' என்று வகை மாறி, கட்டணம் கூடும்.

எதற்கும் அடிப்படை சி.எம்.சி. எண், அதாவது வாரியத்தில் உங்கள் இணைப்புக்கு உள்ள நுகர்வோர் எண். பகுதி, டிவிஷன், பில் எண், துணை எண் என்று அடுக்காக இருக்கும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும் அரையாண்டுக் கணக்குகளை இதை வைத்து வாரிய இணையதளத்தில் பார்க்கலாம், கட்டலாம். தாமதமானால் மேல்வரி சேரும். பழைய வீடோ ஃபிளாட்டோ வாங்குகிறவர்கள் பத்திரப் பதிவுக்கு முன்பே இந்த எண்ணைக் கேட்டு வாங்கி நிலுவையைப் பாருங்கள். பதிவு முடிந்த பிறகு விற்றவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

தண்ணீரில் நாற்றம் வந்தால் பில்லை விட அவசரம் அதுதான். குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருப்பதில்லை. சப்ளை நின்ற நேரத்தில், துருப்பிடித்த இணைப்புக் குழாய் சாக்கடை ஓரமாகப் போகிற இடத்தில் அழுக்கு உள்ளே இழுக்கப்படும். லைனில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இது இன்னும் மோசம். அது விதிமீறல், பக்கத்து வீட்டுக்கும் கேடு. சப்ளை திறந்ததும் சம்ப்புக்கு முன்னால் உள்ள குழாயில் முதல் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அங்கேயே கலங்கி நாறினால் கோளாறு லைனில். தெளிவாக வந்தால் சம்ப்பையோ மேல்நிலைத் தொட்டியையோ கழுவ வேண்டும்.

புகாருக்கு 1916, அல்லது 044-45674567. புகார் எண்ணை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கவில்லை என்றால் அந்த எண்ணோடு உங்கள் டெப்போவின் (வாரியத்தின் உள்ளூர் அலுவலகம்) உதவிப் பொறியாளரைப் பாருங்கள். அதற்கும் அசைவில்லை என்றால், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பகுதி அலுவலகங்களில் குறைதீர்க் கூட்டம் நடக்கும். கடைசி ரசீது, சொத்துவரி ரசீது, புகார் எண்களும் தேதிகளும் எழுதிய தாள் ஆகியவற்றைக் கொண்டு போய், மனுவின் நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.