மலையில் உடம்பு கொதித்தால் அது காய்ச்சல் அல்ல

மறுபடியும் அதே கதை. தேனி மாவட்டத்துக் குரங்கணிப் பக்கம் காலையில் மலையேறிய இரண்டு நண்பர்களில் ஒருவரை, அரை நினைவோடு, தொட்டால் சுடும் உடம்போடு எங்கள் கேஷுவாலிட்டிக்குக் கொண்டுவந்தார்கள். கூட வந்த தம்பி சொன்னார்: "திடீர்னு காய்ச்சல் வந்திருச்சு சார். பாராசிட்டமால் குடுத்தோம், போர்வை போத்திக் கூட்டிட்டு வந்தோம்."

போர்வை! வந்தது காய்ச்சலே இல்லை, ஹீட் ஸ்ட்ரோக் என்ற வெப்பத் தாக்கு. கேரள எல்லையை ஒட்டிய இந்த அடிவாரத்தில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. நண்பனைத் தோளில் தாங்கி இறக்கிக் கொண்டுவந்த பிள்ளை அவர். ஆனால் இதை அவருக்கு யாரும் முன்பே சொல்லித் தரவில்லையே என்பதில் கோபம் நிறையவே இருக்கிறது.

காய்ச்சல் என்பது மூளையே போடும் உத்தரவு. கிருமி வந்துவிட்டது, உடம்பைச் சூடாக்கு என்கிறது மூளை. பாராசிட்டமால் அந்த உத்தரவைத்தான் தளர்த்துகிறது. ஹீட் ஸ்ட்ரோக்கில் மூளை எந்த உத்தரவும் போடுவதில்லை. ஏறி இறங்கும் தசைகளின் சூடும் வெயிலின் சூடும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேர்ந்துவிடுகின்றன. போடாத உத்தரவை மாத்திரை எப்படி ரத்து செய்யும்? ஒன்று கொடுத்தாலும் கேட்காது, மூன்று கொடுத்தாலும் கேட்காது. அந்தச் சூட்டில் கல்லீரல் ஏற்கெனவே அடி வாங்கிக்கொண்டிருக்கும். அதன் தலையில் மாத்திரையையும் ஏற்றுகிறீர்கள். போர்வையோ, வெளியே போகப் பார்க்கும் கொஞ்ச நஞ்சச் சூட்டையும் தடுத்துவிடுகிறது.

"மலையில ஏது சார் வெயில்?" என்பார்கள். மூணாறு போட்டோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களின் கேள்வி இது. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். நம் பக்கம் மழை மறைவுச் சரிவு. காய்ந்த புல், நிழல் குறைவு, கிழக்கே பார்த்த மலை என்பதால் சூரியன் எழுந்ததிலிருந்தே முதுகைச் சுடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும், சரி. ஆனால் பிற்பகலில் இறங்கும்போது அந்த 6 டிகிரியும் திரும்ப வந்து சேரும், அதுவும் களைத்துப்போன உடம்பில். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின் தீ என்றால் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. வெயில் மேல் அந்தப் பயம் இன்னும் வரவில்லை.

வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று காத்திருக்காதீர்கள். நடந்து நடந்து சூடேறியவருக்கு வியர்த்துக்கொண்டே இருக்கும். பார்க்க வேண்டியது பேச்சையும் நடையையும். காரணமில்லாமல் எரிந்து விழுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், குழறல், தள்ளாட்டம். இது அவருக்குத் தெரியாது, கூட நடக்கும் உங்களுக்குத்தான் தெரியும். கேலி செய்கிறான் என்று விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

அப்புறம் முதல் வேலை, இருக்கிற இடத்திலேயே குளிர்விப்பது. தூக்கிக்கொண்டு ஓடுவது அதற்கு அடுத்துதான். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் நஷ்டம். முதல் அரை மணி நேரத்துக்குள் அந்தச் சூட்டைக் குறைத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். நிழலில் படுக்க வையுங்கள், பையையும் ஷூவையும் சட்டையையும் கழற்றுங்கள், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விடாமல் விசிறுங்கள். பக்கத்தில் ஓடை இருந்து, தலையைத் தாங்கிப் பிடிக்க ஆளும் இருந்தால் கழுத்தளவு இறக்குங்கள். "சூட்டு உடம்புல பச்சத்தண்ணி பட்டா ஜன்னி வந்துரும்" என்று கூட நிற்கும் பெரியவர் தடுப்பார். வராது. நடுங்கினாலும் நிறுத்தாதீர்கள், தெளிவாகப் பேசும்வரை ஊற்றுங்கள். நினைவு தடுமாறும் ஆளுக்கு வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குள் போகும்.

கால் வலிக்கும் என்று கிளம்பும்போதே வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். நீர்ச்சத்து வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைக் குறிவைக்கும். நடந்து முடித்தபின் சிறுநீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். டயாலிசிஸ்வரை போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முந்தைய இரவு குடித்தவர், தூங்காதவர், போன வாரம் காய்ச்சலில் படுத்தவர், இவர்கள் ஏறவே கூடாது. டிக்கெட் காசு போனால் போகட்டும். ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் என்றால், ஒரு முழு பாக்கெட்டுக்கு ஒரு முழு லிட்டர் தண்ணீர். அரை பாட்டிலில் கலக்கிக் குடிக்காதீர்கள். டப்பாவில் வரும் பழச்சுவை பானமெல்லாம் ஓஆர்எஸ் ஆகாது. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு இறங்கினால் வலிப்பு வரும். வனத்துறை அனுமதி இல்லாமல், வழிகாட்டி இல்லாமல், தீக்காலத்தில் பாதை மூடியிருக்கும்போது திருட்டுத்தனமாக ஏறுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: நீங்கள் மேலே இருப்பதே யாருக்கும் தெரியாது. யார் தேடி வருவார்கள்?

குரங்கணிக்கு மேலே இருக்கும் கொழுக்குமலை தேனி மாவட்டம்தான், ஆனால் ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் வருகிறது. உச்சிக்குப் பக்கத்தில் ஆள் விழுந்தால், குளிர்வித்தபின் குரங்கணிக்குச் சுமந்து இறங்குவதைவிட மேலே ஜீப்புக்குக் கொண்டுபோவது சீக்கிரம் ஆகலாம். எல்லையில் 108 அடித்தால் கேரள டவர் பிடித்து அழைப்பு அந்தப் பக்கம் போகவும் கூடும். எந்த மாநிலம், எந்த ஊர்ப் பக்கம் இறங்குகிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.